டாட் முடியும் இடம்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்னத் தையல் கடையில் 11 வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். எம்.சி. ரோட்டில் புடவை எடுத்துவிட்டுக் கையோடு துணியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் பாதிப் பேர். கூடவே ஒரு அளவு ஜாக்கெட்டும் வரும். நெஞ்சில் டேப் வைத்து அளக்கக் கூச்சம், அதுவும் ஆண் டெய்லர் என்றால் கேட்கவே வேண்டாம், அதனால் வந்த பழக்கம்தான் இது என்று நினைக்கிறேன். நானும் ரொம்ப நாள் அதை அப்படியே நம்பித்தான் வெட்டினேன்.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா, ஐம்பதைத் தாண்டியவர், நான் தைத்ததைத் திருப்பிக் கொண்டுவந்தார். "கூடையத் தூக்கக் கை ஒசத்தினா பட்டி மேல ஏறிக்குதும்மா, சைடுல கொஞ்சம் புடிச்சுக் குடு" என்றார். பட்டி என்றால் ஜாக்கெட்டின் அடியில், மார்புக்குக் கீழே வரும் பட்டைத் துணி. சைடில் பிடித்துக் கொடுத்தேன். மறுவாரமே வந்துவிட்டார், முன்னைவிட மோசம். அப்புறம்தான் டேப்பை எடுத்துத் தோளிலிருந்து மார்பு முனை வரை அவர் உடம்பிலேயே அளந்தேன். அளவு ஜாக்கெட்டில் 9½ அங்குலம், இவருக்கு 11. அந்த ஜாக்கெட் தைத்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், வயசு ஏற ஏற மார்பு இறங்குவது இயற்கை, நான் பழைய உடம்புக்கு வெட்டிப் புது உடம்பில் மாட்டியிருக்கிறேன். பட்டி மார்புக்குக் கீழே உட்காராமல் மார்பின் மேலேயே உட்கார்ந்தால் சைடில் எவ்வளவு பிடித்தும் பிரயோஜனம் இல்லை.

எங்களிடம் வரும் "லூஸ்", "டைட்" புகார்களில் நிறைய உண்மையில் டாட் புகார்தான். தட்டையான துணியில் முக்கோணமாக ஒரு மடிப்பைப் பிடித்துக் குழிவு உண்டாக்குவதுதான் டாட். பட்டி ஜாக்கெட்டில் நாலு: கீழே, கொக்கிப் பக்கம், அக்குள் பக்கம், சைடு. நாலும் மார்பு முனையைப் பார்த்துப் போக வேண்டும், ஆனால் தொடக் கூடாது. நான் முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை முன்னாலேயே முடித்துவிடுவேன், முனை வரை ஓட்டினால் கூம்பு மாதிரி குத்திக்கொண்டு நிற்கும். முடிக்கும்போது கடைசி மூன்று நாலு தையல் மடிப்பின் ஓரத்தை ஒட்டியே ஓடித் துணியை விட்டு வெளியே போக வேண்டும். அங்கே ரிவர்ஸ் அடிக்கவே கூடாது, அதாவது தையல் பிரியாமலிருக்க மெஷினைப் பின்னோக்கி ஓட்டக் கூடாது, நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சுப் போட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாணப் பட்டுத் துணியில் ரிவர்ஸ் அடித்து, முனை சுருங்கி, பிரித்துப் பார்த்தால் ஊசி ஓட்டை வரிசையாகத் தெரிந்தது. பட்டில் அது போகவே போகாது. அந்தப் பெண்ணின் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

மீன்கார அம்மாவுக்கு நானே டூ பை டூ துணி வாங்கி, 11 அங்குலத்தில் முனையைக் குறித்து, முன்பக்க நீளத்தையும் கூட்டி, திரும்ப வெட்டித் தைத்தேன். திரைக்குப் பின்னால் போட்டுக்கொண்டு வந்தவரை இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். தூக்கினார், இறக்கினார், இன்னொரு தடவை தூக்கினார். பட்டி அசையவில்லை.

அடுத்த மாசம் இரண்டு துணியோடு வந்தார். அளவு ஜாக்கெட் கொண்டுவரவில்லை, நேராகத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.