இருட்டில் நின்ற எம்டன்

சின்ன வயதில் நான் ஏதாவது சேட்டை செய்தால் பாட்டி, "இது சரியான எம்டன்" என்பார். அது முதல் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்றின் பெயர் என்று தெரிந்துகொள்ளவே எனக்குப் பல வருடங்கள் ஆயின. அந்தக் கப்பலை நானே ஒரு நாள் மேஜையில் வைத்து மாதக்கணக்கில் இழைத்துக்கொண்டிருப்பேன் என்று பாட்டியும் நினைத்திருக்க மாட்டார், நானும் நினைக்கவில்லை.

எங்கள் பட்டறையில் அடுக்குமாடிக் கட்டட மாடல்கள்தான் வழக்கமான வேலை. வெள்ளை அட்டை, அக்ரிலிக், பஞ்சு மரங்கள், அவ்வளவுதான். ஒரு கண்காட்சிக்காக வந்தவர், 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் மெட்ராஸைச் சுட்ட காட்சியை டயோரமாவாக, அதாவது முழுக் காட்சியையும் காட்டும் சிறிய மாதிரியாக, செய்து தர முடியுமா என்று கேட்டார். நாலடிக்கு இரண்டடி மேடை. "பார்க்கிறவங்க கடல் பக்கம் நிக்கணும். கப்பலைத் தாண்டிக் கரை தெரியணும்." சரி என்று தலையாட்டிவிட்டேன். அந்த ஒரு வரியில் எவ்வளவு சங்கடம் ஒளிந்திருக்கிறது என்று அப்போது தெரியவில்லை.

முதல் சங்கடம் கணக்கில் வந்தது. எம்டனின் நீளம் 118 மீட்டர். 1:350 அளவில் சுமார் 34 சென்டிமீட்டர். மேடைக்குக் கச்சிதம். ஆனால் கப்பல் நின்று சுட்டது கரையிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தள்ளி. அதையும் அதே அளவில் வைத்தால் எட்டரை மீட்டர் வேண்டும். எங்கள் பட்டறையே அவ்வளவு நீளம் கிடையாது. ஆகவே கரையை மட்டும் தனியாகச் சுருக்கினேன். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்தன. அந்தக் காலத்தில் கலங்கரை விளக்கம் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில்தான் இருந்தது. அது அரைத் தீக்குச்சி உயரம். கிட்டே குனிந்து பார்த்தால் கள்ளத்தனம் தெரியும். நிற்க வேண்டிய இடத்தில் நின்று பார்த்தால் தூரம் தெரியும்.

கப்பலில்தான் நான் மூழ்கிப்போனேன். எம்டனில் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கத்துக்கு மூன்று. 105 மில்லிமீட்டரை 350ஆல் வகுத்தால் 0.3 மில்லிமீட்டர். அந்தக் கனத்தில் ட்ரில் பிட் கிடைக்கிறது என்பதே என் ஆசையைக் கிளப்பிவிட்டது. பன்னிரண்டு மில்லிமீட்டர் நீளப் பித்தளைக் குழல்களின் வாயில் ஒவ்வொன்றாகத் துளை போட்டேன். பத்துத் துளைக்கு நாலு பிட் உடைந்தது. கையில் பிடித்துத் துளைக்கிறபோது மூச்சை நிறுத்த வேண்டும். மூச்சு விட்டால் பிட் போய்விடும்.

தளத்தைச் சுற்றி நிற்கும் கைப்பிடிக் கம்பி வேலி மூன்று மில்லிமீட்டர் உயரம்கூட இல்லை. அதை ஒட்ட ஒரு பழைய தந்திரம்: ஊசியின் காதை நுனியில் வெட்டிவிட்டால் இரண்டு முள்ளாக நிற்கும். சூப்பர் க்ளூவை அதில் தொட்டால் இடையில் ஒரே ஒரு பொட்டு தங்கும். வேலிக்கு அந்தப் பொட்டு போதும், அதற்கு மேல் வைத்தால் அசிங்கம். கப்பல் கம்பங்களில் கட்டிய கயிறுகளுக்கு பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி இழுத்தேன்; தலைமுடியை விட மெல்லிய இழை வரும். ஒரு தும்மலில் ஒரு நாள் வேலை போனதும் உண்டு. கூட வேலை செய்கிற தம்பி அதிலிருந்து என் மேஜைப் பக்கம் வரும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வருவான்.

வண்ணத்தில் ஒரு சண்டை. வாடிக்கையாளர் கொண்டுவந்த படத்தில் கப்பல் வெள்ளையாக இருந்தது. போருக்கு முன் சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் இருந்தபோது அது வெள்ளைதான். 'கிழக்கின் அன்னம்' என்று பெயரே உண்டு. போர் வந்ததும் சாம்பல் பூசிவிட்டார்கள். "வெள்ளைன்னா எடுப்பா இருக்கும் சார்" என்று அவரும், "இருட்டில் ஒளிந்து வந்தவன் வெள்ளைச் சட்டையா போட்டிருப்பான்?" என்று நானும் இரண்டு நாள் பேசினோம். சாம்பல் ஜெயித்தது. அடுத்து நாலாவது புகைபோக்கி. எம்டனுக்குச் சொந்தமாக மூன்றுதான். எதிரியை ஏமாற்றப் பொய்யாக ஒன்றை நிறுத்திக்கொண்டு அக்டோபர் 28 அன்று பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. அந்தக் கதை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். மெட்ராஸ் காட்சியில் அந்தப் பொய்ப் புகைபோக்கியை வைக்க எனக்கு மனம் வரவில்லை, மூன்றோடு விட்டேன்.

கடலுக்கு ரெசின் ஊற்றினேன்; ஊற்றிய பின் கண்ணாடி மாதிரி இறுகும் பிசின் அது. அவசரத்தில் மூன்று சென்டிமீட்டரையும் ஒரே வீச்சில் ஊற்ற, அது கொதித்துப் புகைந்து நடுவில் வெடித்தது. முழுத் தவறும் என்னுடையது. அடுக்கடுக்காக ஊற்ற வேண்டும் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது. வெடித்ததைப் பெயர்த்து எறிகிறபோதுதான் உறைத்தது: இரவுக் கடலுக்கு ஆழம் எதற்கு? கறுப்புப் பலகையில் அக்ரிலிக் ஜெல்லைத் தூரிகையால் குத்திக் குத்தி அலை எழுப்பினேன். அரை நாளில் கடல் தயார்.

அந்தக் கறுப்பில் கப்பலை வைத்துப் பட்டறை விளக்கை அணைத்துப் பார்த்தேன். இரவு ஒன்பதரை வாக்கில் மெட்ராஸ்காரர்கள் கண்டது கப்பலை அல்ல. தேடுவிளக்கின் கற்றை, பீரங்கியின் மின்னல், அப்புறம் எண்ணெய் எரிகிற வெளிச்சம். 120க்கு மேல் குண்டுகள் விழுந்தன. சுட்டது கரைப் பக்கம். பார்வையாளர் நிற்பது எதிர்ப்பக்கம். எனவே நான் துளை போட்ட குழல்வாய்களில் பாதி யார் கண்ணுக்கும் படாது. வேலிகளும் கயிறுகளும் தீயின் முன்னால் வெறும் கறுப்புக் கோடுகள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மேலே ஒரு சின்ன வெள்ளை விளக்கு வைத்துவிடலாமா என்று தம்பி மெதுவாகக் கேட்டான். வைத்துப் பார்த்தோம். கப்பல் பளிச்சென்று தெரிந்தது, பொம்மைக் கடைக் கப்பல் மாதிரி. கழற்றிவிட்டோம்.

தேடுவிளக்குக்கு அரை மில்லிமீட்டர் ஃபைபர் ஆப்டிக் இழை. கரைப் பக்கம் ஐந்து பீரங்கிகளுக்கு ஐந்து வெள்ளை எல்இடி. தொட்டிகளுக்குக் கீழே நடுங்கி எரிகிற ஆரஞ்சு விளக்குகள். எல்லாம் ஒரே பட்டனில்.

ஒப்படைக்கிற அன்று அறை விளக்குகளை அணைக்கச் சொன்னேன். வாடிக்கையாளர் மேடைக்கு முன்னால் குனிந்து, கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் தேடினார்.

"கப்பல் எங்கேங்க?" என்றார்.

"பட்டனை அழுத்துங்க சார்" என்றேன்.