மார்ச் கடைசியிலிருந்து மே 1 வரை: சின்னக் கல்லூரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தபோது

மகளுக்குக் கல்லூரி முடிவாகி முன்பணமும் கட்டியாயிற்று. விண்ணப்பம், கட்டுரை, சிபாரிசுக் கடிதங்கள் எல்லாம் எந்தத் தடங்கலும் இல்லாமல் நடந்தன. சிக்கல் எல்லாம் அதற்கப்புறம்தான். மார்ச் கடைசியில் இடம் கிடைத்த செய்தி வரும். மே 1-க்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் பேர் படிக்கும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளை (கலை, அறிவியல் பாடங்களைப் பரவலாகக் கற்பிக்கும் இளநிலைக் கல்லூரிகள்) ஒன்றோடொன்று ஒப்பிட அந்த ஒரு மாதம் போதவே போதாது. அதில் பாதியை ஊரில் இருக்கும் பூர்வீக வீடு தின்றுவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பலருக்கும் இது வரும்.

நிதியுதவிக்கான அரசுப் படிவமான ஃபாஃப்சாவில் நாம் குடியிருக்கும் வீட்டைக் கேட்பதில்லை. ஆனால் வேறு சொத்து எந்த நாட்டில் இருந்தாலும் சொல்ல வேண்டும். தனியார் கல்லூரிகள் பல கூடுதலாகக் கேட்கும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் படிவத்தில் குடியிருக்கும் வீடு, ஊர் வீடு இரண்டுமே வரும். எங்கள் வீடு இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார். வாரிசுகள் அம்மாவும் நாங்கள் மூன்று பிள்ளைகளும், பாகப்பிரிவினை ஆகவில்லை. ஆகவே நான்கில் ஒரு பங்கைத்தான் எங்கள் சொத்தாகக் காட்டினோம். அதுதான் சரியான முறையும்கூட. கூட்டுச் சொத்தில் நம் பங்குக்கு உரிய மதிப்பை மட்டும் காட்ட வேண்டும்.

ஒரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகம் இதற்கு 'சொத்து மதிப்பீட்டு ஆவணம் வரவில்லை' என்று கோப்பை நிறுத்தி வைத்தது. அமெரிக்காவில் ஒவ்வொரு வீட்டுக்கும் கவுன்ட்டி அலுவலகமே ஒரு மதிப்பு போட்டு வைத்திருக்கும். அதுபோன்ற தாளைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். நம் ஊர் வீட்டு வரி ரசீதில் சந்தை மதிப்பு இருக்காது. ரசீதை மொழிபெயர்த்து அனுப்பினால் இணையதளத்தில் 'பெறப்பட்டது' என்று மாறும், சில நாளில் மறுபடி 'முழுமையாக இல்லை' என்று வரும். தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுப்பார். முதலில் இருந்து சொல்ல வேண்டும். ஒருவர் ஊரில் இருக்கும் ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டிடம் கடிதம் வாங்கச் சொன்னார், அடுத்தவர் அது செல்லாது என்றார். மற்றக் கல்லூரிகளின் உதவிக் கடிதங்கள் எல்லாம் கைக்கு வந்துவிட்டன, இது மட்டும் வரவில்லை.

கடைசியில் வேலை செய்தது ஒரே பக்கக் கடிதம். அதில் எழுதியவை: சொத்து யார் பெயரில் இருக்கிறது, வாரிசுகள் யார் யார், எங்கள் பங்கு எவ்வளவு, பதிவுத்துறை இணையதளத்தில் அந்தத் தெருவுக்கு உள்ள வழிகாட்டி மதிப்பைச் சதுர அடியால் பெருக்கி, கட்டடத்துக்கு ஒரு தோராய மதிப்பைக் கூட்டி, நாலால் வகுத்த தொகை, அன்றைய தேதியின் டாலர் மாற்று விகிதம், வீட்டில் அம்மா குடியிருக்கிறார், வாடகை வருமானம் இல்லை, எல்லோரும் கையெழுத்துப் போடாமல் விற்க முடியாது என்ற விவரம். கூடவே தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, வழிகாட்டி மதிப்புப் பக்கத்தின் அச்சுப்படி, ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பில் யாராவது சான்றளிக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இந்தக் கட்டை அக்டோபரிலேயே தயார் செய்து, சிஎஸ்எஸ் படிவத்தின் சிறப்புச் சூழ்நிலைப் பகுதியிலும் இரண்டு வரி எழுதிவிடுங்கள். பல அலுவலகங்களில் மாணவரின் குடும்பப் பெயரின் முதலெழுத்தை வைத்து அதிகாரியைப் பிரித்திருப்பார்கள். அந்த ஒருவரின் பெயரைக் கண்டுபிடித்து அவருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். பொது முகவரிக்கு அனுப்புவது கிணற்றில் போட்ட கல்தான். உதவிக் கடிதம் தாமதமானால் மே 1 கெடுவை நீட்டித் தரும்படி ஏப்ரலிலேயே எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு ஒரு வாரம் தந்தார்கள். வாய்ச்சொல்லோடு விடாமல் அதையும் மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டோம்.

உதவிக் கடிதங்களைப் படிப்பது தனி வேலை. 2022 டிசம்பரில் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ வெளியிட்ட அறிக்கையின்படி 91 சதவீதக் கல்லூரிகள் நிகரச் செலவை, அதாவது மானியம் போக நாம் கட்ட வேண்டியதை, கடிதத்தில் சொல்வதே இல்லை, அல்லது குறைத்துச் சொல்கின்றன. ஆகவே கடிதத்தின் அடியில் உள்ள கூட்டுத்தொகையை நம்ப வேண்டாம். மொத்தச் செலவிலிருந்து திருப்பித் தர வேண்டாத மானியத்தை மட்டும் கழியுங்கள். முதலாண்டு மாணவருக்கான 5,500 டாலர் அரசுக் கடனை 'உதவி' என்றே போட்டிருப்பார்கள். அது கடன்தான். வொர்க் ஸ்டடி என்று போட்டிருக்கும் தொகை கட்டணத்தில் கழியாது; பிள்ளை வேலை பார்த்தால் சம்பளமாக வரும். ஆகஸ்டில் கட்ட வேண்டிய பில்லில் அதற்கு இடமில்லை.

மதிப்பெண், திறமை பார்த்துத் தரும் தகுதி உதவித்தொகையில் இன்னொரு பொறி உண்டு. பெரும்பாலும் அது சதவீதமாக இருக்காது, நிலையான தொகையாக இருக்கும். உதாரணத்துக்கு மொத்தச் செலவு 85,000, உதவித்தொகை 30,000 என்று வையுங்கள். முதலாண்டு நம் பங்கு 55,000. செலவு ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால் நாலாம் ஆண்டு 95,613 ஆகிவிடும். உதவித்தொகை அதே 30,000. நம் பங்கு 65,613. 'நாலு வருஷத்துக்கு 2,20,000' என்று போட்ட கணக்கில் கிட்டத்தட்ட 21,000 டாலர் துண்டு விழும். குடும்பத்தின் பணத் தேவையைப் பார்த்துத் தரும் உதவி அப்படியல்ல. ஆண்டுதோறும் புதிதாகக் கணக்கிடுவார்கள். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்றவை தகுதி உதவித்தொகை தருவதில்லை, தேவைக்கு மட்டும்தான். க்ரின்னல், ஓபர்லின், கென்யன் ஆகியவை இரு வகை உதவியும் தருகின்றன. இந்த இரு வகைக் கடிதங்களை அருகருகே வைத்து முதலாண்டுத் தொகையை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தவறாகிவிடும். தம்பியோ தங்கையோ இரண்டு வருஷத்தில் கல்லூரி போவார்கள் என்றால் அதையும் கேளுங்கள். 2024-25 முதல் ஃபாஃப்சா கணக்கில் அதற்குச் சலுகை இல்லை. சிஎஸ்எஸ் பயன்படுத்தும் கல்லூரிகள் பல இன்னும் கணக்கில் எடுக்கின்றன.

இனி படிப்பு. சின்னக் கல்லூரியில் தரவரிசையை விட முக்கியமானது, நம் பிள்ளை எடுக்கப்போகும் துறையில் எத்தனை பேர் பாடம் நடத்துகிறார்கள் என்பது. இதை அழுத்திச் சொல்கிறேன். நாலைந்து பேராசிரியர்கள் உள்ள துறையில் ஒருவர் ஆய்வு விடுப்பில் போனாலே அவர் நடத்தும் மேல்நிலைப் பாடம் அந்த ஆண்டு கிடையாது. பாட அட்டவணைப் புத்தகத்தில் நாற்பது பாடங்கள் அழகாக இருக்கும். அதில் பாதி 'ஒன்றுவிட்டு ஒரு ஆண்டு', சில பல ஆண்டுகளாக நடத்தப்படாதவை. எனவே புத்தகத்தைப் பார்க்காதீர்கள். பதிவாளர் பக்கத்தில் கடந்த நாலு பருவங்களின் வகுப்பு நேர அட்டவணை இருக்கும், அதைத் திறந்து உண்மையில் நடந்த பாடங்களை எண்ணுங்கள். துறைப் பக்கத்தில் 'விசிட்டிங்' (தற்காலிக ஆசிரியர்) என்று போட்ட பெயர்கள் எத்தனை என்றும் பாருங்கள். அவர்கள் நன்றாகவே நடத்தலாம், ஆனால் மேற்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் வேண்டிய நேரத்தில் அங்கே இருக்க மாட்டார்கள்.

மகளுக்குக் கணிதமும் கணினியும். 'ரியல் அனாலிசிஸ், அப்ஸ்ட்ராக்ட் ஆல்ஜிப்ரா இரண்டும் அடுத்த இரண்டு ஆண்டில் எந்தப் பருவங்களில் நடக்கும்? கணினி அறிமுக வகுப்பில் இடம் கிடைக்காமல் போகிறவர்கள் உண்டா?' என்ற இரண்டே கேள்வியைத் துறைத் தலைவர்களுக்கு அவளே எழுதினாள். ஒரு கல்லூரியிலிருந்து விளம்பரப் பக்கத்தின் இணைப்பு வந்தது. இன்னொன்றில் துறைத் தலைவர் அன்று மாலையே இரண்டாண்டுப் பாடத்திட்ட வரைவை அனுப்பி, எந்தப் பாடம் உறுதி, எது ஆள் எடுப்பதைப் பொறுத்தது என்று குறித்தும் கொடுத்தார். எங்கள் முடிவில் பாதி அந்த ஒரு மின்னஞ்சலிலேயே ஆகிவிட்டது.

காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தைப் பெரும்பாலான கல்லூரிகள் வெளியிடுகின்றன. அதில் ஐ-3 பகுதியில் எத்தனை வகுப்புகளில் எத்தனை பேர் என்பது இருக்கும், ஜே பகுதியில் எந்தத் துறையில் எத்தனை சதவீதம் பட்டம் என்பது இருக்கும். 'ஒரு ஆசிரியருக்கு ஒன்பது மாணவர்' என்ற விளம்பர வரியை விட இந்த இரண்டும் உண்மையைச் சொல்லும். கால்வாசிப் பேர் ஒரே துறையில் பட்டம் வாங்குகிறார்கள், ஆனால் அத்துறையில் ஆசிரியர் எட்டுப் பேர்தான் என்றால் அங்கே இடத்துக்கு அடிதடி நிச்சயம்.

கல்வியாண்டின் அமைப்பையும் பிள்ளையின் சுபாவத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். கார்ல்டனில் பத்து வாரப் பருவங்கள் மூன்று. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பாடத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். கொலராடோ காலேஜில் 1970 முதல் ஒரு நேரத்தில் ஒரே பாடம், மூன்றரை வாரம். ரீட் கல்லூரியில் கடைசி ஆண்டு ஆய்வேடு கட்டாயம். க்ரின்னலில் முதலாண்டு டுடோரியல் தவிரப் பொதுக் கட்டாயப் பாடமே கிடையாது. தானாகத் திட்டமிடத் தெரியாத பிள்ளைக்கு அது சுதந்திரமாக இருக்காது, பாரமாகத்தான் இருக்கும். பக்கத்துக் கல்லூரிகளில் பாடம் எடுக்கலாம் என்பார்கள். க்ளேர்மான்ட் கல்லூரிகளில் அது நடந்தே போகிற தூரம். ஆம்ஹர்ஸ்டிலிருந்து ஸ்மித் கல்லூரி சுமார் 8 மைல், பேருந்து நேரத்தையும் சேர்த்து வகுப்பைப் போட வேண்டும்.

நேரில் பார்க்கப் போனதில் ஒரு பயணம் முழுதும் வீண். ஒரு கல்லூரியின் சுற்றுப்பயணப் பதிவுப் பக்கம் வசந்த விடுமுறை வாரத்திலும் இடம் கொடுத்தது. விடுமுறை என்று எங்கும் போடவில்லை. போய்ச் சேர்ந்தால் வளாகத்தில் ஆளே இல்லை, வகுப்பு இல்லை, உணவுக்கூடம் பூட்டியிருந்தது. விமான டிக்கெட் போடும் முன் கல்லூரியின் கல்வி நாட்காட்டியைத் தனியாகத் திறந்து பாருங்கள். போனால் சுற்றுப்பயணத்தைக் குறைத்துக்கொண்டு ஒரு வகுப்பில் உட்காரச் சொல்லுங்கள், உணவுக்கூடத்தில் சாப்பிடுங்கள். சைவம் என்றால் ஞாயிறு இரவு என்ன கிடைக்கிறது என்று மாணவர்களையே கேளுங்கள். குறுகிய விடுமுறைகளில் விடுதியும் உணவுக்கூடமும் திறந்திருக்குமா என்பதும் முக்கியம். க்ரின்னலில் இருந்து டெ மொய்ன் விமான நிலையம் காரில் ஒரு மணி நேரம். ஸ்வார்த்மோரில் பிலடெல்பியா ரயில் வளாகத்து வாசலிலேயே நிற்கும்.

கல்லூரி நாலு வருஷம் நிலைக்குமா என்பதையும் இப்போது பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. க்ரீன் மவுன்டன் 2019-ல் மூடியது. வெல்ஸ், பர்மிங்ஹாம்-சதர்ன் இரண்டும் 2024-ல் மூடின. பட்டியலில் அதிகம் பேர் அறியாத கல்லூரி இருந்தால், அது வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்யும் படிவம் 990-ஐ இணையத்தில் எடுத்து, வரவு செலவைச் சில ஆண்டுகளுக்குப் பாருங்கள். மாணவர் எண்ணிக்கை வருஷா வருஷம் இறங்குகிறதா, அங்கீகார அமைப்பு ஏதாவது எச்சரிக்கை கொடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்க அரசின் கல்வித்துறை தனியார் கல்லூரிகளுக்கு -1 முதல் 3 வரை நிதிநிலை மதிப்பெண் தருகிறது, 1.5-க்குக் கீழே என்றால் காரணம் கேட்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

முன்பணம் கட்டிய பிறகும் இரண்டு வேலை உண்டு. வேண்டாத இடங்களை உடனே எழுதி விட்டுவிடுங்கள், காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது உதவும். பெற்றோர் காப்பீட்டில் பிள்ளை இருந்தால், கல்லூரி மருத்துவக் காப்பீடு வேண்டாம் என்ற படிவத்தைக் கோடையில் கெடுவுக்குள் நிரப்புங்கள். தவறினால் சில ஆயிரம் டாலர் பில்லில் ஏறிவிடும், ஒவ்வொரு ஆண்டும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும்.