ஜப்பானில் ஒற்றைத் தலைவலி ஊசிக்கு நாங்கள் பட்ட பாடு

2023 ஜூன், ஒரு வியாழக்கிழமை. கொட்டுகிற மழையில் மூடிக் கிடந்த மருத்துவமனைக் கதவு முன்னால் குடையோடு நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனைக்கும் தலைவலி எனக்கில்லை. பக்கத்தில் கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்ற மனைவிக்கு. இங்கே சின்ன கிளினிக்குகள் ஞாயிறு போக வாரத்தில் இன்னொரு நாளும் மூடியிருக்கும், பெரும்பாலும் புதன் அல்லது வியாழன். எட்டு வருடமாக டோக்கியோவில் இருக்கிறேன், இது தெரியாமல் இல்லை. போன் போட்டுக் கேட்கத்தான் தோன்றவில்லை. அவளுடைய ஒரு நாள் விடுப்பு வீண்.

என் மனைவி ஜப்பானியர், நீகாத்தா ஊர்க்காரி. கல்யாணமாகி டோக்கியோவின் நிஷி-காசாய்க்குக் குடிவந்த நாளிலிருந்து தலைவலி என்றால் ஒரு மாத்திரை, ஒரு குவளைத் தண்ணீர், அவ்வளவுதான். இங்கே இப்படிப்பட்டவர்களை 'ஸுத்சூமோச்சி' என்பார்கள். தலைவலியை உடைமையாக வைத்திருப்பவர் என்று அர்த்தம். நிலபுலன் வைத்திருப்பதுபோலச் சொல்கிறார்களே என்று ஆரம்பத்தில் நான்கூடச் சிரித்திருக்கிறேன். 1997இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி ஜப்பானில் வயது வந்தவர்களில் 8.4 சதவீதம் பேருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் அதற்காக டாக்டரிடமே போனதில்லை. கிட்டத்தட்ட என் வீட்டைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது.

காலையில் அவள் தோசாய் லைன் மெட்ரோவில் வேலைக்குப் போக வேண்டும். கிபா, மொன்சென்-நகாச்சோ நிலையங்களுக்கு நடுவில் கொரோனாவுக்கு முன்பு 199 சதவீத நெரிசல் என்று அரசுக் கணக்கே சொன்ன ரயில் அது. யாரோ போட்ட சென்ட் வாசம் போதும், அலுவலகம் போய்ச் சேருவதற்குள் வாந்தி. அப்படியும் போய் உட்கார்ந்து எட்டு மணி நேரம் வேலை பார்ப்பாள். முடியாத நாளில் மேலாளருக்குப் போன் செய்து 'சளி பிடித்திருக்கிறது' என்பாள். தலைவலி என்று சொல்லவே மாட்டாள், அது ஒரு காரணமா என்பார்களாம். நோய்க்கென்று தனி விடுப்பு தர வேண்டுமென்ற கட்டாயம் இங்கே சட்டத்தில் இல்லை. ஆகவே எல்லாம் வருட விடுப்பில்தான் கழியும். ஆறரை வருடம் வேலை பார்த்தவருக்கு வருடம் 20 நாள். அந்த இருபதும் தலைவலிக்கே போனதால் இரண்டு முறை மதுரைப் பயணத்தைத் தள்ளிப் போட்டோம். அம்மா போனில், "அந்தப் பிள்ளைக்குச் சுக்கு அரைச்சுப் பத்துப் போடுடா" என்றார். போட்டேன். அந்த நெடிக்கே இன்னும் மோசமானது.

ஒற்றைத் தலைவலியில் பங்குள்ள சிஜிஆர்பி என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் 2021இல் இங்கே வந்துவிட்டன. மாதம் ஒரு முறை போட்டுக்கொண்டால் தலைவலி வரும் நாட்கள் குறையும். ஆனால் கேட்டவுடனே காப்பீட்டில் தரமாட்டார்கள். கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக மாதம் 4 நாளாவது ஒற்றைத் தலைவலி இருந்திருக்க வேண்டும், பழைய தடுப்பு மருந்துகள் பலிக்காமலோ ஒத்துக்கொள்ளாமலோ போயிருக்க வேண்டும், எழுதித் தருபவர் தகுதியுள்ள நிபுணராக இருக்க வேண்டும். இந்த மூன்றிலுமே நாங்கள் சறுக்கினோம்.

முதலில் போன பெரிய ஆஸ்பத்திரியில் வரவேற்பிலிருந்த பெண் அழகாகத் தலைவணங்கி, "ஷோகாய்ஜோ?" என்றார். பரிந்துரைக் கடிதம். இல்லை. அது இல்லாமல் இப்படிப்பட்ட பெரிய ஆஸ்பத்திரியில் (200 படுக்கையோ அதற்கு மேலோ) நுழைந்தால் 7,000 யென்னுக்குக் குறையாத தனிக்கட்டணம், மருத்துவச் செலவுக்கு மேலே. கட்டத் தயார் என்றேன். புது நோயாளிகளுக்கு 11 மணி வரைதான் என்றார். மணி 11:10. மறுபடியும் தலைவணங்கினார். மரியாதையோடு விரட்டப்பட்டால் கோபப்படக்கூட வழியில்லை.

சரி என்று வீட்டுப் பக்கத்து நரம்பியல் அறுவை கிளினிக்கில் ஆரம்பித்தோம். அன்றைக்கே எம்ஆர்ஐ எடுத்தார்கள், கோளாறு ஒன்றுமில்லை. (ஸ்கேனுக்கு இங்கே பஞ்சமே கிடையாது.) "தோள் இறுக்கமாக இருக்கும்" என்று சொல்லி வலி மாத்திரை தந்தார் டாக்டர். தோள் இறுக்கம் இந்த ஊரில் எல்லா வலிக்கும் பதில். கெஞ்சிக் கேட்டுக் கடிதம் வாங்கினோம்.

நிபுணர் நல்லவர். எடுத்த எடுப்பில், "மாதத்துக்கு எத்தனை நாள் வலிக்கிறது?" என்று கேட்டார்.

"மூன்று, நான்கு நாள்தான்" என்றாள் என் மனைவி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாரத்துக்கே மூன்று நாள் பார்க்கிறேன் நான்! நாலுக்குக் கீழே போனால் ஊசி கிடையாதே. வெளியே வந்து கேட்டால், "படுத்துவிட்ட நாட்களைத்தான் சொன்னேன். நடமாட முடிந்த நாளை எல்லாம் எப்படிச் சொல்வது, டாக்டருக்குத் தொந்தரவு" என்கிறாள். இந்த ஒரு பதிலில் பத்து வருட வைத்தியம் போயிருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. உங்கள் வீட்டிலும் ஜப்பானியர் யாராவது இருந்தால், டாக்டரிடம் அவர் தானாக எண்ணிக்கை சொல்ல விடாதீர்கள்.

அடுத்த முறை நான் ஒரு வேலை செய்தேன். மருந்துக் கடையின் பாயின்ட் கார்டு செயலியில் வாங்கியதெல்லாம் பதிவாகியிருக்கும். 24 மாத்திரை டப்பா, மாதத்துக்கு இரண்டு. வேளைக்கு இரண்டு மாத்திரை என்றால் 24 வேளை. போனை டாக்டர் முன்னால் நீட்டினேன். மனைவி என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. டாக்டர் மட்டும் முதல்முறையாகப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். காஃபின் முதலியவை கலந்த கூட்டு மாத்திரைகளை மாதம் 10 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து போட்டாலே மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்றார். தனி வலி மாத்திரை என்றால் 15 நாள். "நின்றுகொண்டு தாங்கிய நாளும் தலைவலி நாள்தான்" என்று சொல்லி நாட்குறிப்புத் தாள் ஒன்றைத் தந்தார்.

அடுத்த முட்டுக்கட்டை பழைய தடுப்பு மருந்து. 2019 இலையுதிர் காலத்தில் ஒரு கிளினிக்கில் எழுதித் தந்த லோமெரிசின் என்ற தடுப்பு மாத்திரையை அவள் சாப்பிட்டுப் பார்த்து, பயனில்லையென்று விட்டிருக்கிறாள். அதற்கு அத்தாட்சி? மருந்து வாங்கும்போது ஸ்டிக்கர் ஒட்டித் தரும் 'ஒகுசுரி தெச்சோ' குறிப்பேடு வீடு மாறும்போது குப்பைக்குப் போய்விட்டது. மருந்தகத்தில் கேட்டோம், பதிவுகள் மூன்று வருடம்தான் வைத்திருப்போம் என்று கைவிரித்தார்கள். கிளினிக்குகள் நோயாளிக் குறிப்பை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதை நம்பித்தான் அந்தப் பழைய கிளினிக் முன்னால் அந்த வியாழக்கிழமை மழையில் போய் நின்றோம். மறுநாள் போன் செய்துவிட்டுப் போனால் பத்தே நிமிடத்தில் அச்சடித்துத் தந்தார்கள். தயவுசெய்து பழைய குறிப்பேடுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஊசிக்கு முன்னால் கடை மாத்திரையை நிறுத்தச் சொன்னார் டாக்டர். தாங்கவே முடியாவிட்டால் போட்டுக்கொள்ள டிரிப்டான் என்ற ஒற்றைத் தலைவலி மருந்து தந்தார், அதுவும் மாதம் 10 நாளைத் தொடக்கூடாது. முதல் இரண்டு வாரம் நரகம். திரையை மூடிய அறையில் ஐஸ் பையோடு கிடப்பாள், நான் குக்கர் விசில் வராமல் சோறு வடிக்கப் பழகினேன். மழைக்காலம் வேறு. காற்றழுத்தம் இறங்குவதை வெடிகுண்டுப் படம் போட்டு எச்சரிக்கும் 'ஸுத்சூரு' என்ற செயலியை அவள் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்க்கும் முன்பே பார்ப்பாள். மூன்று மாத நாட்குறிப்பு நிரம்பியது. ஜூனில் 15, ஜூலையில் 13, ஆகஸ்டில் 11.

செப்டம்பரில் கால்கானெசுமாப் என்ற சிஜிஆர்பி வகை ஊசி. முதல் முறை மட்டும் இரண்டு, அப்புறம் மாதம் ஒன்று. காப்பீடு போக நாம் கட்டும் 30 சதவீதப் பங்கே 2023இல் ஒன்றுக்கு 13,000 யென்னுக்கு மேல், அதனால் முதல் நாள் எங்களுக்கு ஏறக்குறைய 27,000 யென் ஆனது. சில நிறுவனக் காப்பீடுகள் கூடுதல் தொகையைத் திருப்பித் தரும், கேட்டுப் பாருங்கள். குடும்பத்தின் மருத்துவச் செலவு வருடத்துக்கு 1 லட்சம் யென்னைத் தாண்டினால் வரிக் கழிவும் உண்டு, ரசீதுகளை எடுத்து வையுங்கள். வீட்டிலேயே போட்டுக்கொள்ளும்போது ஊசியைக் குளிர்பெட்டியிலிருந்து அரை மணி நேரம் முன்னதாக எடுத்து வைத்துவிடுங்கள். சில்லென்று போட்டால் சுள்ளென்று வலிக்கும்.

அக்டோபர் நாட்குறிப்பில் 6 நாள். முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் அந்த மாதம் மேலாளருக்குப் போன் செய்தபோது சளி என்று சொல்லாமல் 'ஹென்ஸுத்சூ' (ஒற்றைத் தலைவலி) என்று அதன் பெயரைச் சொன்னாள். அவர், "என் தங்கைக்கும் உண்டு" என்றாராம்.

புத்தாண்டுக்கு நீகாத்தா போனோம். அத்தை சமையலறை இழுப்பறையைத் திறந்து தலைவலிப் பொடிப் பொட்டலம் ஒன்றை எடுத்து வாயில் கொட்டிக்கொண்டார். நாற்பது வருடப் பழக்கம். மனைவி ஒன்றும் பேசாமல் பையிலிருந்து காலியான நாட்குறிப்புத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கெதற்கு இதெல்லாம்? மாதத்துக்கு இரண்டு நாள்தான்."