பிளைத்பரோ ஆலயம்: மேலே பார், கீழேயும் பார்

லண்டனிலிருந்து லோவஸ்டாஃப்ட் போகும் ஏ12 சாலை கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்தில் பிளைத் ஆற்றின் முகத்துவாரத்தைத் தொடும் இடத்தில், மேட்டின் மேல் தனியாக நிற்கிறது பிளைத்பரோ கிராமத்தின் பரிசுத்த திரித்துவ ஆலயம். சுற்றிலும் நாணலும் உவர்நீரும். ‘சதுப்பு நிலத்துப் பேராலயம்’ என்று ஊர் கொஞ்சிக் கூப்பிட்டாலும் இங்கே பேராயரின் ஆசனம் கிடையாது. சின்னஞ்சிறு கிராமத்தின் பங்கு ஆலயம்தான் இது. ஊருக்குப் பொருத்தமில்லாத இந்த அளவுக்குக் காரணம், ஒருகாலத்தில் பிளைத்பரோ வளமான ஆற்றுத் துறைமுகமாக இருந்தது. ஆறு தூர்ந்தது, கப்பல்கள் பெருத்தன, வணிகம் போனது. பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம் மட்டும் மிஞ்சியது.

தலத்தின் புனிதம் கட்டடத்தைவிடப் பழையது. கி.பி. 654 வாக்கில் அருகிலுள்ள புல்கேம்ப் போர்க்களத்தில் மாண்ட கிழக்கு ஆங்கிலிய மன்னர் அன்னாவின் உடல் இங்கே அடக்கம் செய்யப்பட்டதாகவும், மக்கள் அதை வணங்கி வந்ததாகவும் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஈலி மடத்து ஏடு சொல்கிறது. (அன்னா ஆண்தான். அவர் மகள் எதல்ட்ரீடாதான் ஈலியின் புனிதை.) அந்தக் கல்லறை இன்று இல்லை, தேடி அலைய வேண்டாம்.

ரயிலில் வருவோர் லண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் ஏறி இப்ஸ்விச்சில் மாற வேண்டும். அங்கிருந்து லோவஸ்டாஃப்ட் வண்டியில் டார்ஷம் அல்லது ஹேல்ஸ்வொர்த் நிலையம். இரண்டிலிருந்தும் ஆலயம் சில மைல் தள்ளித்தான் இருக்கிறது. நிலையத்தில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தால் நடக்க வேண்டியதாகிவிடும்; டாக்சியை முன்பே சொல்லிவையுங்கள். ஜூன் மாதத்தில் ஆல்ட்பரோ இசை விழாவின் கச்சேரிகள் இந்த ஆலயத்திலும் நடப்பதுண்டு. அன்று நாற்காலிகளும் ஒத்திகையும் உள்ளே நிறைந்திருக்கும். அமைதியாக ஜெபிக்க வருபவர் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

நுழையுமுன் கிழக்குப் புறம் போய் வெளிச்சுவரைப் பாருங்கள். பெரிய ஜன்னலின் அடியில், பிளந்த தீக்கல்லின் கறுப்புக்கு நடுவே வெள்ளைக் கல்லில் முடியணிந்த எழுத்துகள் வரிசையாக இருக்கின்றன. இயேசு, திரித்துவம், மரியாள், புனிதர்கள் ஆகியோர் பெயர்களின் முதலெழுத்துகள் என்று படிக்கிறார்கள். அவசரமாக உள்ளே போகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

தெற்கு முகப்பு வழியாக உள்ளே போனதும் கண்ணை நிறைப்பது வெளிச்சம். நடுக்கூடத்தின் இருபுறமும் மேல்வரிசையில் பதினெட்டுப் பதினெட்டு ஜன்னல்கள். பெரும்பாலும் நிறமற்ற கண்ணாடி. அதற்கும் மேலே, கூரையின் நடுவிட்டத்தில் முதுகோடு முதுகாக, இறக்கை விரித்த மரத் தேவதூதர்கள். கட்டைகளில் இயேசுவின் நாமக் குறியும் பூக்களும் மங்கிய சாயத்தில் இன்னும் தெரிகின்றன. பிற்காலத்தில் யாரும் பூசி மறைக்காத சாயம் அது.

அண்ணாந்து பார்த்தால் இரண்டு நிமிடத்தில் கழுத்து வலிக்கும். கைக்கண்ணாடி ஒன்றை மடியில் வைத்துக் குனிந்து பார்ப்பது எளிய வழி. தொலைநோக்கி இருந்தால் இன்னும் நல்லது. போனில் படமெடுத்தால் ஜன்னல் வெளிச்சத்தில் தூதர்கள் கரிக்கட்டையாக விழுவார்கள். திரையில் தூதரின் முகத்தைத் தொட்டு வெளிச்ச அளவைக் கூட்டிய பிறகு எடுங்கள். வெயில் சாய்ந்து விழும் காலையோ பிற்பகலோ ஏற்ற வேளை.

இனி காயங்கள். 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, பெரும் இடிமழையில் கோபுரத்தின் கூம்பு உடைந்து கூரையைத் துளைத்து விழுந்தது. ஓர் ஆணும் ஒரு சிறுவனும் இறந்தனர். பேய்க் கறுப்பு நாய் ஒன்று வந்து போனதாகக் கதை கிளம்பியது. வடக்குக் கதவிலுள்ள கருகல் தடங்களை அதன் நகக்கீறல் என்று காட்டுவார்கள். கதவைப் பார்க்காமல் வராதீர்கள். நாயை மட்டும் விட்டுவிடுங்கள்.

அடுத்த பழி வில்லியம் டௌசிங்குடையது. 1644 ஏப்ரலில் வந்த இவர், ஆலயங்களில் படமும் சிலையும் கூடாது என்ற பியூரிட்டன் பிரிவைச் சேர்ந்த அதிகாரி; இருபது கேரூபீன்களை இறக்க வேண்டும் என்றும், இருநூறுக்கு மேற்பட்ட படங்களை எட்டு நாளில் அகற்ற வேண்டும் என்றும் தன் குறிப்பேட்டில் எழுதினார். வண்ணக் கண்ணாடி பெரும்பாலும் போனது, தூதர்கள் தப்பினார்கள். எட்டாத உயரம்தான் காத்தது என்பதே நம்பத்தக்க விளக்கம். தூதர்களின் மர உடலில் ஈயக்குண்டுகள் கிடைத்தபோதும் டௌசிங்கின் ஆட்கள் தலையில்தான் பழி விழுந்தது. ஆராய்ந்தால் அவை பதினெட்டாம் நூற்றாண்டுக் குண்டுகள். கூரைக்குள் கூடு கட்டிய ஜாக்டா காக்கைகளைச் சுட, ஆலயக் கணக்கிலேயே மருந்துக்கும் குண்டுக்கும் காசு கொடுத்திருக்கிறார்கள்!

மேலே பார்த்தது போதும். இருக்கைகளின் முனைகளில் பாவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சோம்பேறி கட்டிலில் கிடக்கிறான், பெருந்தீனிக்காரன் தொந்தியை அணைத்திருக்கிறான், பேராசைக்காரன் பணப்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறான். கதிர்க்கட்டோடு அறுவடைக்காரனும் உண்டு. தவக்காலத்தில் வருபவருக்கு இந்த முனைகளே தியானம். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு நிமிடம் நில்லுங்கள். கை மட்டும் வைக்க வேண்டாம், விரல் எண்ணெய் பழைய ஓக் மரத்தைக் கறுக்க வைக்கும். பீடத்தருகே அப்போஸ்தலர் உருவங்கள் தாங்கிய பாடகர் இருக்கைகளில் 1665 என்று ஆண்டிட்டு டிர்க் என்னும் டச்சுச் சிறுவன் பெயரைக் கீறியிருக்கிறான். 1682ஆம் ஆண்டைச் சேர்ந்த மரப் பொம்மை மணியடித்து ஆராதனையைத் தொடங்கிவைக்கும்.

செங்கல் தரை ஏற்றத்தாழ்வாக இருக்கும். கால் பார்த்து நடங்கள். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றினால் குளிர் உள்ளங்காலில் ஏறும், குளிர்காலத்தில் கம்பளி உடுப்போடு வாருங்கள். ஆராதனை நேரம் வாசல் அறிவிப்பில் இருக்கும், யாரும் கலந்துகொள்ளலாம். திருவிருந்தில் அப்பமும் ரசமும், திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்று வழக்கமாகத் திருவிருந்து எடுப்பவர்களுக்கு. மற்றவர்கள் மார்பின் குறுக்கே கைகளை மடித்துக்கொண்டு முழங்காலிட்டால் குருவானவர் ஆசீர்வதிப்பார்.

1881இல் ஆபத்தான கட்டடமென்று இதை மூடினார்கள். அதற்கு முன் மழை நாளில் சபையார் உள்ளே குடை பிடித்து உட்கார்ந்ததாகச் சொல்வதுண்டு. செப்பனிடவே காசில்லாத ஊர், அழகுபடுத்தவும் காசில்லாமல் இருந்தது; பழைய தரையும் பழைய சாயமும் நமக்குக் கிடைத்தது அதனால்தான். காணிக்கைப் பெட்டியில் போடும் பணம் அந்தக் கூரைக்குத்தான் போய்ச் சேரும். முகப்பின் மேல் ஒரு சிறு ஜெப அறை உண்டு. குறுகலான படி, முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே ஜெபிக்கலாம்.