ஹால் சுவரில் ஒரு தொடுதிரை

வீட்டு விளக்குகள், மின்விசிறி, வாசல் கேமரா எல்லாவற்றையும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுச் சாதனங்களை இயக்கும் மென்பொருளில் இணைத்து இரண்டு வருடம் ஆகிறது. என் கைபேசியில் எல்லாமே இருக்கிறது. அம்மாவுக்குக் கைபேசி பேசுவதற்கு மட்டும். மாடிப்படியில் ஸ்மார்ட் பல்பு போட்டிருந்ததால் சுவர் ஸ்விட்சை அணைத்தால் பல்பு நெட்வொர்க்கிலிருந்து போய்விடும். அதனால் ஸ்விட்ச் மேல் நானே டேப் ஒட்டி வைத்தேன். நான் வெளியில் இருக்கும் இரவுகளில் அம்மா போன் செய்வார்: "அந்த வெளக்கக் கொஞ்சம் அணைச்சிடும்மா." ஒரு நாள் வேலையில் இருந்ததால் என்னால் போனை எடுக்க முடியவில்லை. விடியும்வரை அந்த விளக்கு எரிந்தது. வெளிச்சம் அறைக்குள் வந்துகொண்டே இருந்ததில் அம்மா சரியாகத் தூங்கவில்லை.

தன் வீட்டு விளக்கை அணைக்க அவர் என்னிடம் கேட்க வேண்டியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அன்றுதான் சுவரில் ஒரு திரை வைப்பது என்று முடிவு செய்தேன். ஆட்டோமேஷன் நிறுவனங்கள் விற்கும் சுவர்த் திரைகள் அழகாக இருக்கின்றன. ஆனால் என் கைக்கு எட்டாத விலை, அதிலும் பல அவர்களுடைய சாதனங்களோடு மட்டும்தான் பேசும். மலிவான வழி தேடியதில் எட்டு மாதம் போனது. அதில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

எல்லோரும் தொடங்குவதுபோல நானும் அலமாரியில் கிடந்த பழைய 10 அங்குல டேப்லெட்டில்தான் தொடங்கினேன். இரட்டைப் பக்க டேப்பால் சுவரில் ஒட்டி, ஹோம் அசிஸ்டன்டின் பொத்தான்கள் இருக்கும் டேஷ்போர்டு பக்கத்தைத் திறந்து வைத்தேன். முதல் நாள் பார்க்க நன்றாக இருந்தது. மறுநாள் அம்மா அதைப் பயன்படுத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். திரை அணைந்திருந்தது. தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. உண்மையில் அது விழித்துக்கொண்டிருந்தது, ஆனால் 1 ஜிபி ரேமுக்கு அந்தப் பக்கம் பெரிய சுமை. அவர் மறுபடி தொட்டார், இன்னொரு முறையும் தொட்டார். அதற்குள் பக்கம் வந்துவிட, காத்திருந்த தொடுதல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொத்தானில் விழுந்தன. விளக்கு அணைந்தது, உடனே எரிந்தது. "இது நான் சொல்றதக் கேக்கலையே" என்று சொல்லிவிட்டு அம்மா நகர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு திரையின் அளவு, தெளிவு எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம் ஆகிவிட்டது. முன்னால் போய் நிற்கும்போது திரை ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு தொடுதல், ஒரு செயல். இதைத் தராத திரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அந்த டேப்லெட்டை ஐந்து மாதம் வைத்திருந்தேன். ஒரு நாள் துடைக்கும்போது கண்ணாடியின் இடது ஓரம் சட்டத்தைவிட்டு லேசாக மேலெழும்பி, அடியில் முடியளவு நிழல் விழுவதைப் பார்த்தேன். விரலால் தடவினால் மேடு தெரிந்தது. பேட்டரி உப்பியிருந்தது. லித்தியம் பேட்டரியை நாள் முழுக்க 100 சதவீதத்திலேயே வைத்து, கூடவே திரையின் சூடும் சேர்ந்தால் உள்ளே வாயு உண்டாகும். சுவரில் மாட்டும் டேப்லெட்டுக்கு நேர்வது சரியாக இதுதான்: எப்போதும் சார்ஜரில், எப்போதும் வெதுவெதுப்பில். உப்பிய பேட்டரியை அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, மறுபடி சார்ஜ் போடவும் கூடாது. கழற்றி, எரியும் பொருட்கள் இல்லாத இடத்தில் வைத்து, மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுத்தேன். அம்மா தினமும் கை வைக்கும் இடத்தில் அது இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அதனால் டேப்லெட் மாட்டுகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். சார்ஜரை ஒரு ஸ்மார்ட் பிளக்கில், அதாவது ஹோம் அசிஸ்டன்டால் இயக்கி நிறுத்தக்கூடிய பிளக்கில், செருகுங்கள். ஹோம் அசிஸ்டன்ட் செயலி டேப்லெட்டின் பேட்டரி அளவைச் சொல்லும். 30 சதவீதத்துக்குக் கீழே போனால் பிளக் இயங்கட்டும், 80 தொட்டால் நிற்கட்டும். 15க்குக் கீழே போனால் கைபேசிக்கு ஒரு அறிவிப்பு. பிளக் என்றாவது மக்கர் செய்தால் தெரிய வேண்டும் அல்லவா? சில டேப்லெட்டுகளில் பேட்டரியைக் காக்கும் அமைப்பு உள்ளேயே இருக்கிறது, அதுவே இடையில் நிறுத்திக்கொள்ளும். வாங்கும் முன் அதைத் தேடிப் பாருங்கள்.

அடுத்து வாங்கியது 8 அங்குல டேப்லெட், 3 ஜிபி ரேம். ஐபிஎஸ் திரைதான் வேண்டும் என்று பார்த்து வாங்கினேன், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. ஓஎல்இடி வேண்டாம். ஒரே படம் மாதக்கணக்கில் நின்றால் அதன் தடம் திரையில் பதிந்துவிடும். அமேசான் ஃபயர் வகையைப் பலர் மாட்டுகிறார்கள். பூட்டுத்திரையில் விளம்பரம் வரும் வகைக்கு விலை இன்னும் குறைவு. எதை வாங்கினாலும் ஆண்ட்ராய்டு பதிப்பை மட்டும் கவனியுங்கள். மிகப் பழையது என்றால் அதன் வெப்வியூ (செயலிக்குள் வலைப்பக்கத்தைக் காட்டும் பகுதி) புதுப்பிக்கப்படாமல் நின்றுபோய், ஒரு நாள் டேஷ்போர்டு வெள்ளைப் பக்கமாக வரும். சார்ஜர் துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கேபிள் கீழிருந்து வரும் சுவரில் துளை மேல்பக்கம் இருந்தால் நாள்தோறும் கண்ணை உறுத்தும்.

இந்த டேப்லெட்டில் எனக்குத் தலைவலி கொடுத்தது கேபிள். அருகிலிருந்த பிளக்கிலிருந்து 5 மீட்டர் மெல்லிய யூஎஸ்பி கேபிள் இழுத்திருந்தேன். நாள் முழுக்க சார்ஜ் ஏறியும் மாலையில் பேட்டரி காலையைவிடக் குறைவாக இருக்கும். சார்ஜரை மாற்றினேன், டேப்லெட்டைத் திட்டினேன். கடைசியில் கணக்குப் போட்டபோதுதான் விளங்கியது. 28 கேஜ் கம்பிக்கு (கேஜ் எண் கூடக் கூட கம்பி மெல்லியது) மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. போகவும் வரவும் சேர்த்து 10 மீட்டர் கம்பி, அதாவது 2.1 ஓம். 1 ஆம்பியர் ஓடினாலே 2.1 வோல்ட் கம்பியிலேயே கரைந்துவிடும். கிளம்புவது 5 வோல்ட், போய்ச் சேர்வது 3 வோல்ட்கூட இல்லை. அதனால்தான் டேப்லெட் தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டிருந்தது. அதே நீளத்துக்கு 20 கேஜ் கம்பி என்றால் இழப்பு மூன்றில் ஒரு வோல்ட்தான்.

தடித்த கம்பி போடலாம். நான் வேறு வழியில் போனேன், பவர் ஓவர் ஈதர்நெட். நெட்வொர்க் கேபிளிலேயே சுமார் 48 வோல்ட் வருகிறது, திரைக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்ப்ளிட்டர் அதை 5 வோல்ட் ஆக்குகிறது. வோல்ட் அதிகம் என்பதால் ஆம்பியர் குறைவு, கம்பியில் இழப்பும் குறைவு. இந்த முறையின் 802.3ஏஎஃப் தரத்தில் கிளம்பும்போது 15.4 வாட், 100 மீட்டர் தள்ளிப் போனாலும் 12.95 வாட் கிடைக்கும். 8 அங்குல டேப்லெட்டுக்கு அது போதும். இந்தக் கேபிளை வீட்டு மின்கம்பி போகும் அதே குழாயில் மட்டும் நுழைக்காதீர்கள். தனிக் குழாய்தான் பாதுகாப்பு.

விழித்திருக்கும் பிரச்சினைக்கு ஃபுல்லி கியோஸ்க் என்ற செயலி உதவியது. முன்கேமராவில் அசைவு தெரிந்தால் அது திரையை எரிய வைக்கும். ஆனால் இருட்டில் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது, அம்மாவுக்குத் திரை வேண்டியிருப்பதோ இருட்டில்தான். ஹாலில் விளக்குக்காக ஏற்கெனவே ஒரு அசைவு உணரி இருந்தது. அது ஆளைக் கண்டதும் ஹோம் அசிஸ்டன்ட் அந்தச் செயலிக்குச் சொல்லும்படி இணைத்தேன். கேமராவையும் மூடிவிட்டேன். இப்போது அறையிலிருந்து இரண்டு எட்டு வைப்பதற்குள் திரை எரிந்துவிடுகிறது.

இவ்வளவு செய்தும் அம்மாவுக்கு அது சரிப்படவில்லை. பத்தில் மூன்று நான்கு முறை அவர் தொடுவது பதியவே இல்லை. நான் தொட்டால் பதிகிறது, அவர் தொட்டால் பதியவில்லை. அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனிகள் காய்ந்து காகிதம்போல இருந்தன. கெபாசிட்டிவ் திரை விரலின் மின்தன்மையை வைத்துத்தான் தொடுதலை உணர்கிறது, காய்ந்த தோல் அதற்குச் சரியாகத் தெரிவதில்லை. போதாததற்கு அவர் தட்டுவது பாதி நேரம் நகத்தால், அது அந்தத் திரைக்குத் தெரியவே தெரியாது.

அப்போதுதான் ஈஎஸ்பி32 என்ற மலிவான கட்டுப்பாட்டுச் சில்லின் பக்கம் திரும்பினேன். 'சீப் யெல்லோ டிஸ்ப்ளே' என்று ஆர்வலர்கள் அழைக்கும் மஞ்சள் நிறப் பலகை: 2.8 அங்குலத் திரை, 320க்கு 240 புள்ளிகள், பின்னாலேயே ஈஎஸ்பி32 சில்லும் வைஃபையும். நான் வாங்கியதிலேயே மலிவானது இதுதான். இதன் திரை ரெசிஸ்டிவ் வகை. அழுத்தினால் இரண்டு அடுக்குகள் ஒன்றையொன்று தொடும், அவ்வளவுதான். விரல், நகம், பேனா மூடி, எதுவானாலும் அழுத்தம் பட்டால் போதும். பழைய தொழில்நுட்பம் என்று நான் ஒதுக்கி வைத்திருந்த ஒன்று அம்மாவின் கைக்குச் சரியாகப் பொருந்தியது. முதல் தடவை நகத்தால் தட்டியதுமே விளக்கு அணைந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

இதில் பேட்டரி இல்லை, அதனால் உப்பாது. ஆண்ட்ராய்டு இல்லை, மின்சாரம் போய் வந்தால் சில நொடிகளில் தானாக எழுந்துவிடும். இந்தச் சில்லை ஹோம் அசிஸ்டன்டோடு இணைக்கும் ஈஎஸ்பிஹோம் மென்பொருளில் 2024 ஆகஸ்ட் பதிப்பிலிருந்து திரையில் வரைவதற்கான எல்விஜிஎல் சேர்ந்திருப்பதால் பொத்தான்களைப் பெரிதாக வரைவது சுலபம். சாதனங்கள் செய்தி பரிமாறும் எம்க்யூடிடி முறை பழகியவர்களுக்கு ஓபன்ஹாஸ்ப் என்ற மென்பொருள் இன்னொரு நல்ல வழி. கேமராக் காட்சியும் வரைபடமும் இதில் எதிர்பார்க்க வேண்டாம். என்னிடம் இருக்கும் திரையில் மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் வெளிறிவிடுகிறது. அதனால் வழக்கம்போல என் கண் மட்டத்தில் வைக்காமல் அம்மாவை நிற்க வைத்து அவர் கண்ணுக்கும் கைக்கும் ஏற்ற உயரத்தில் பொருத்தினேன். இரவு 10 மணிக்குமேல் பின்விளக்கு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

மற்றவற்றையும் பார்க்காமல் இல்லை. சோனாஃப் என்எஸ்பேனல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது: 3.5 அங்குலத் திரை, உள்ளே விளக்கை நேரடியாக இயக்கும் இரண்டு ரிலே, கீழே இரண்டு நிஜப் பொத்தான்கள். ஆனால் அதற்கு ஸ்விட்ச் பெட்டியில் நியூட்ரல் கம்பி வேண்டும். எலக்ட்ரீஷியன் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து காட்டினார், உள்ளே ஃபேஸும் விளக்குக்குப் போகும் கம்பியும்தான் இருந்தன. உங்கள் பெட்டியில் நியூட்ரல் இருந்தால், வேறு எதையும் வாங்குவதற்கு முன் இந்த என்எஸ்பேனலைக் கட்டாயம் பாருங்கள். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகையும் அதன் 7 அங்குலத் திரையும் சேர்த்தால் செலவு டேப்லெட்டைத் தாண்டிவிடும், தடிமனும் அதிகம்.

மாடிப்படி ஸ்விட்ச் மேல் இருந்த டேப்பையும் கிழித்துவிட்டேன். மின்சாரம் திரும்பியதும் எரிய வேண்டும் என்று பல்பில் அமைத்தாயிற்று. ரவுட்டர் செத்துப்போனாலும் ஸ்விட்சைத் தட்டினால் வெளிச்சம் வரும், அணைத்தால் அணையும். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

8 அங்குல டேப்லெட் இப்போது வாசல் பக்கம் இருக்கிறது, கேமரா பார்க்க. ஹாலில் அந்தச் சின்னத் திரை, அதில் நான்கு பொத்தான்கள். போன வாரம் அம்மா கேட்டார், "இதுலயே ஃபேனும் வருமாம்மா? பக்கத்து ரூம் வெளக்கும்?" ஆறு பொத்தான் வரைந்து பார்த்தேன். திரையின் அகலமே 57 மில்லிமீட்டர்தான். இப்போது 28 மில்லிமீட்டர் அகலம் இருக்கும் பொத்தான் 19 ஆகச் சுருங்குகிறது, கண்ணாடி போடாத நேரத்தில் அவர் தவறிப் பக்கத்துப் பொத்தானைத் தொட்டுவிடுகிறார். இரண்டாம் பக்கம் வைத்துத் தள்ளச் சொல்வதும் சரிவராது. எனவே படுக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு மஞ்சள் பலகை வைக்கப் போகிறேன், அதில் ஃபேனும் அறை விளக்கும் மட்டும். படுத்தபடி எந்தக் கையால் எட்டுகிறார் என்று இன்று இரவு பார்த்துவிட்டு, நாளை சுவரில் இடம் குறிக்க வேண்டும்.