ஒரு கிலோ உப்பைப் பற்றி எழுத என்ன இருக்கிறது

சிறு உற்பத்தியாளர்களின் பாக்கெட்டுகளுக்கும் இணையக் கடைகளுக்கும் தமிழில் விற்பனை வாசகம் எழுதுவது என் தொழில். புதுமையான பொருள்கள் என்னிடம் வருவது அரிது. உப்பு, நல்லெண்ணெய், மஞ்சள்தூள், வெல்லம், துவரம்பருப்பு என்று எந்த மளிகைக் கடையிலும் ஒன்றுக்குப் பத்தாகக் கிடைப்பவற்றுக்குத்தான் பெரும்பாலும் எழுதுகிறேன். அவற்றுள் எதற்கு எழுதுவது மிகக் கடினம் என்று கேட்டால், உப்புக்கு என்றுதான் சொல்வேன். பருப்பிலாவது வேகும் நேரம் வேறுபடும்; வெல்லத்தில் நிறமும் மணமும் ஊருக்கு ஊர் மாறும்; உப்போ, எங்கே விளைந்தாலும், ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைடுதான்.

சென்ற ஆண்டு, தூத்துக்குடிப் பக்கம் உப்பளம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், தம் கல் உப்பை ஒரு கிலோ பாக்கெட்டாக விற்க விரும்பி என்னை அணுகினார். பாக்கெட்டில் போட அவரே ஒரு வாசகத்தை எழுதியும் வைத்திருந்தார்: ‘தூய்மையான, தரமான, ஆரோக்கியமான, பாரம்பரியக் கடல் உப்பு.’ இந்த நான்கு அடைமொழிகளையும் பெயர்த்தெடுத்து ஒரு மஞ்சள்தூள் பாக்கெட்டில் ஒட்டினாலும் சரியாகப் பொருந்தும். அதுதான் அவற்றின் குறை. தரமற்ற உப்பு என்று சொல்லி எவரும் விற்பதில்லை என்பதால், தரமான உப்பு என்னும் சொல் வாங்குபவருக்கு எதையும் தெரிவிப்பதில்லை. போதாக்குறைக்கு, ‘தூய’, ‘இயற்கையான’, ‘பாரம்பரிய’ போன்ற சொற்களை உணவுப் பொருள்களின் மீது எப்போது எழுதலாம் என்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் நிபந்தனைகளும் உண்டு.

“வேற என்ன தம்பி எழுதுறது, உப்பு உப்புதானே” என்றார் அண்ணாச்சி. எந்தப் பொருளை எடுத்தாலும் அதை உண்டாக்குபவர் இதைத்தான் சொல்கிறார். நாள்தோறும் பார்ப்பதால் தம் வேலையில் சொல்லத் தக்கது எதுவும் இல்லை என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. அதனால், உப்பு வாரும் நாளில் ஒருமுறை உடனிருக்க அனுமதி கேட்டு, ஏப்ரல் மாதத்தில் விடியுமுன் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

முதலில் தெரிந்துகொண்ட செய்தியே அவருடைய வாசகத்தின் பாதியை அடித்துவிட்டது. அந்த உப்பளத்துக்குக் கடல்நீர் வருவதில்லை. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நிலத்தடி உப்புநீரை இறைக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் இது பரவலான வழக்கம்தான் என்றாலும், ‘கடல் உப்பு’ என்று எழுதி அலையின் படத்தையும் போட்டால் அது பொய்யாகிவிடும். இறைத்த நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் அடர்த்தி ஏற்றுகிறார்கள். அடர்த்தியை, நீரில் மிதக்கவிட்டுப் பாகைக் கணக்கில் பார்க்கும் போமே மானி என்ற கருவியால் அளக்கிறார்கள். ஏறத்தாழ 25 பாகை வந்தபின் உப்பு படியத் தொடங்கும். அதற்கு முன்பே சுண்ணச்சத்தில் பெரும்பகுதி ஜிப்சமாகக் கீழே இறங்கியிருக்கும். 29, 30 பாகைக்கு மேல் நீரை விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து வந்துவிடும். அவைதான் உப்பில் கசப்பை ஏற்றுகின்றன. மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுப்பதால், மழைக்காலத்தில் உப்பு ஜாடியின் அடியில் நீர் விடுவதற்கும் அதுவே முதன்மையான காரணம். எஞ்சும் கசப்புநீரை முற்ற விடாமல் முன்னதாகவே வடித்துவிடுவது அண்ணாச்சியின் வழக்கம். இதனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உப்பை இழக்கிறார். முப்பது ஆண்டுகளாகச் செய்துவரும் இந்த வேலையைப் பற்றி அவருடைய வாசகத்தில் ஒரு சொல்கூட இல்லை.

விளம்பரத் தொழிலில் இருப்பவர்கள் இந்த இடத்தில் கிளாட் ஹாப்கின்ஸை நினைப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஷ்லிட்ஸ் பீருக்கு எழுத வந்தபோது, எல்லாக் கம்பெனிகளும் ‘தூய பீர்’ என்றே கத்திக்கொண்டிருந்ததைக் கண்டு, அவர் நேரே மில்வாக்கியில் இருந்த ஆலைக்குப் போனார். வடிகட்டிய காற்று நிறைந்த கண்ணாடி அறைகளில் பீர் குளிர்வதையும், பாட்டில்கள் இயந்திரத்தில் நான்கு முறை கழுவப்படுவதையும், ஏரி பக்கத்திலேயே இருந்தும் 4,000 அடி ஆழக் கிணற்றிலிருந்து நீர் எடுப்பதையும் பார்த்துவிட்டு, இவற்றை ஏன் மக்களிடம் சொல்லவில்லை என்று கேட்டார். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்பது அவர்களின் பதில். அவர் அதையே எழுதினார். சில மாதங்களில் ஷ்லிட்ஸ் முன்னணிக்கு வந்துவிட்டதாக அவரே பதிவு செய்திருக்கிறார்.

இந்த உத்தியை நான் மதிக்கிறேன். ஆனால் எல்லா இடத்திலும் அதை ஏற்பதில்லை. எல்லோருக்கும் பொதுவான உண்மையை முந்திக்கொண்டு சொல்வது எப்போது தகும், எப்போது தகாது என்பதை நான் ஒரு தவறு செய்த பிறகே புரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலை எண்ணெய்க்கு எழுதியபோது, ‘கொலஸ்ட்ரால் அற்றது’ என்று பெரிய எழுத்தில் போட்டேன். அது உண்மைதான், எந்தத் தாவர எண்ணெயிலும் குறிப்பிடத் தக்க அளவு கொலஸ்ட்ரால் கிடையாது. அந்த வரியைப் படித்த என் பெரியம்மா, தாம் இதுவரை வாங்கிவந்த எண்ணெயில் கொலஸ்ட்ரால் இருந்திருக்கிறது என்று நம்பி, “இனிமே தாராளமா ஊத்தலாம்ல?” என்று என்னிடமே கேட்டார். அவர் இதய நோயாளி. எண்ணெய் எதுவானாலும் அளவாக ஊற்ற வேண்டியவர். என் வரியில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அதைப் படித்தவர் முன்பு அறிந்திருந்ததையும் இழந்தார். பாட்டில் நான்கு முறை கழுவப்படுகிறது என்று படித்தவருக்கு பீர் எப்படி உருவாகிறது என்பதாவது தெரிய வந்தது. அன்று முதல், ஒரு வாசகத்தைப் படித்து முடித்தபின் அந்தப் பொருளைப் பற்றி வாங்குபவருக்குக் கூடுதலாகத் தெரிகிறதா, தவறாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே எதையும் ஒப்படைக்கிறேன்.

உப்பில் இந்தச் சோதனை உடனே தேவைப்பட்டது. ‘அயோடின் கலக்காத இயற்கை உப்பு’ என்று எழுதினால் நன்றாக விலைபோகும் என்று யாரோ அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தார்கள். மனிதர் நேரடியாக உண்பதற்கென அயோடின் சேர்க்காத உப்பை விற்பதற்கு இந்தியாவில் 2006 முதல் தடை உள்ளது. கடையில் வாங்கும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். அது முன்கழுத்துக் கழலையையும், கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுவதையும் தடுப்பதற்காகச் சேர்க்கப்படுவது. அதை ஒரு கலப்படம்போல் காட்டும் வரியை எழுத மாட்டேன் என்று மறுத்துவிட்டேன். ‘கனிமங்கள் நிறைந்தது’ என்ற யோசனையையும் அதே மூச்சில் தள்ளினேன். ஒரு நாளைக்குச் சில கிராம் மட்டும் உண்ணும் ஒரு பொருளில் சிட்டிகைக்கும் குறைவாக உள்ள கனிமங்கள் ஒருவருக்கும் உதவப்போவதில்லை.

அப்படியானால் எஞ்சியது எது? வாங்குபவரின் அடுக்களையில் அந்த உப்பு உண்டாக்கும் சிக்கல். அமெரிக்காவின் மார்ட்டன் நிறுவனம், உப்பு கட்டிப்படாமல் இருக்க 1911இல் மக்னீசியம் கார்பனேட்டைச் சேர்க்கத் தொடங்கி, 1914இல், மழை பெய்தாலும் தங்கள் உப்பு தடையின்றிக் கொட்டும் என்ற பொருளில், குடை பிடித்த சிறுமியின் படத்தோடு விளம்பரம் செய்தது. தூய்மையைப் பற்றிப் பேசாமல், மழை நாளில் உப்புக் குப்பியைக் கையில் எடுத்தவரிடம் அது பேசியது. எங்கள் பாக்கெட்டிலும் அப்படி ஒன்றைச் சொல்ல முடியும் என்று தோன்றியது. நாலைந்து முறை திருத்தியபின் நின்ற வாசகம் இது:

‘நிலத்தடி உப்புநீரை வெயிலில் காயவைத்து, கோடையில் கையால் வாரிய தூத்துக்குடிக் கல் உப்பு. கசப்புநீரை முற்ற விடாமல் வடித்துவிடுவதால் மழைக்காலத்தில் குறைவாகவே கசியும். ஆனாலும் ஜாடியை மூடிவையுங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடைவெளி இருப்பதால், ஒரு கரண்டிக் கல் உப்பு ஒரு கரண்டித் தூள் உப்பைவிட எடை குறைவு. கரைந்தபின் ருசி பார்த்து அளவைப் பழக்கிக்கொள்ளுங்கள். அயோடின் சேர்த்தது.’

‘குறைவாகவே கசியும்’ என்பதைக் ‘கசியவே கசியாது’ என்று மாற்றலாமா என்று அண்ணாச்சி கேட்டார். ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் மூடாமல் வைத்தால் எந்தக் கல் உப்பும் கசியும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அந்தப் பேச்சு நீளவில்லை.

விலைதான் பெரிய தடை. பெயர்பெற்ற கம்பெனிகளின் உப்பைவிட இது கிலோவுக்கு 12 ரூபாய் கூடுதல். வேறு எதிலும் வேறுபாடு தெரியாத பொருளில் வாங்குபவரின் கண் விலையில்தான் போய் நிற்கும்; அதை மறைக்க முயல்வது வீண் என்பது என் எண்ணம். ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புச் சேர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நான்கு பேர் உள்ள வீட்டில் அந்த அளவின்படி ஒரு நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ 50 நாள் வரும். 12 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 24 காசு. இந்தக் கணக்கை அப்படியே விலைக்குக் கீழே இரண்டு வரியில் எழுதினேன்.

அண்ணாச்சி தயங்கினார். 50 நாள் வரும் என்று நாமே சொன்னால், சீக்கிரம் தீர்ந்து திரும்ப வாங்குவது குறையாதா என்பது அவர் கவலை. வியாபாரியாக அவர் கேட்டது நியாயமே. உடனடியாகச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உங்கள் வீட்டில் ஒரு கிலோ எத்தனை நாள் வருகிறது என்று மட்டும் கேட்டேன். உள்ளே திரும்பிக் கேட்டார். முப்பது நாள் என்று அவர் மனைவியின் குரல் வந்தது. அந்த அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருப்பதும், உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருப்பதும் எனக்கு முன்பே தெரியும். அண்ணாச்சி சிறிது நேரம் பாக்கெட்டின் மாதிரியைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, அந்த இரண்டு வரிகளும் இருக்கட்டும், எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிவிடுங்கள் என்றார்.