முகம் காட்டி நிற்கும் சிற்பங்கள்

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வயலோரமாக நிற்கும் நடுகல் ஒன்றைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். வில்லேந்திய வீரனின் உருவம் அதில் மிக மெலிதாகவே புடைத்திருக்கிறது. உச்சிவெயிலில் வெறும் பலகைக்கல்லாகத் தெரியும் அது, காலைச் சாய்வெயில் பக்கவாட்டில் படும்போது தோளும் வில்லும் முன்வைத்த காலுமாக எழுந்து வரும். அதே போன்றதொரு கல்லை ஓர் அருங்காட்சியகத்தில், நேர் எதிரே எரிந்த குழல்விளக்கின் வெளிச்சத்தில் கண்டபோது, வீரனைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எந்தக் கூடத்துக்குள் நுழைந்தாலும் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்பதையே முதலில் கவனிக்கிறேன்.

இந்த வழக்கத்தோடுதான் சோழமண்டலக் கலைஞர்கள் கிராமத்துக்கும் சென்றேன். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியால், ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் 1966-இல் உருவாக்கிய குடியிருப்பு அது. அங்கே இயங்கிய பி.வி. ஜானகிராம் செப்புத்தகட்டை அடித்துப் புடைத்து, அதன்மேல் கம்பிகளைப் பற்றவைத்து உருவங்களைச் செய்தார், எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் வெல்டிங் செய்து அடுக்கினார். இருவரின் படைப்புகளும் பெரும்பாலும் நம்மை நோக்கி ஒரே முகமாக நிற்பவை. சுற்றி வந்து பார்க்க இடம் தராதது சிற்பத்துக்குக் குறை என்பதை நான் ஏற்கமாட்டேன். கருவறையில் கவசம் சாத்திய மூலவரை நாம் சுற்றி நின்றா பார்க்கிறோம்? நடுகல்லும் அப்படித்தான், வருபவருக்கு முகம் காட்டி நிற்கிறது. இத்தகைய சிற்பத்தை வெள்ளைக் கூடத்தின் நடுவே பீடத்தில் ஏற்றிவைப்பது அதற்குச் செய்யும் அநீதி. அதற்குத் தேவையானவை பின்னால் ஒரு சுவர், முன்னால் நின்று பார்க்கப் பத்தடி வெளி, பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் ஆகியவையே.

தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலைக்கு வேண்டிய இடம் முற்றிலும் வேறு. பாறையைப் பெயர்க்கும் நால்வரின் உடலிலும் பளு வெவ்வேறு விதமாக இறங்குவதை, 1959 முதல் அது நிற்கும் மெரினாவின் திறந்தவெளியில் சுற்றி நடந்தால்தான் உணர முடியும். கல்குவாரிகளில் கடப்பாரையோடு பாறையை நெம்பும் ஆட்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த முதுகுகள் அந்நியமானவை அல்ல.

எங்கள் மாவட்டத்துக் கருங்கல் வெட்டப்பட்டு, பெரும் பாளங்களாக லாரியேறி வெளியூர் போகிறது. துளையிட்டுப் பிளந்ததன் தடமாகத் துளைக்கோடுகள் பதிந்த கழிவுக்கற்கள் இங்கேயே குவிகின்றன. இன்றைய சிற்பத்தைப் பார்க்க நானோ சென்னைக்குப் பேருந்து ஏறுகிறேன். அண்மையில், கைவிடப்பட்ட குவாரி ஒன்றின் விளிம்பில் விடியற்காலையில் வெகுநேரம் நின்றிருந்தேன். தெற்கு நோக்கிய வெட்டுச்சுவரின்மேல் வெயில் பக்கவாட்டில் வழிந்து, ஒவ்வொரு துளைக்கோட்டையும் நிழலால் எழுதிக்கொண்டிருந்தது. சுவருக்கு முன்னால், ஒருவர் நின்று பார்க்கப் பத்தடிக்கும் மேல் சமதளம் இருக்கிறது.